சோளத்தட்டைத் தண்ணீர்

இசக்கிசெல்வியின் வாய்க்குப் பயப்படாத ஆள் கண்ணப்பனின் லைன் வீடுகளில் யாரும் கிடையாது. தண்ணீர் லாரிக்காரன் பயப்படுவான், சிலிண்டர் போடுகிறவன் பயப்படுவான். அவளைக் கட்டிக்கொண்ட மாரிராஜைக் கேட்கவே வேண்டாம். ஷிப்ட் முடிந்து வருகிற மனுஷன் வாசலிலேயே கொஞ்சம் நின்று, உள்ளே பாத்திரம் எந்தச் சத்தத்தில் வைக்கப்படுகிறது என்று கேட்டுக்கொண்டுதான் காலை எடுத்து வைப்பான். ஆனால் ஒன்று. அவள் காரணம் இல்லாமல் கத்தினாள் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. காரணம்தான் அந்தப் பக்கத்தில் தடுக்கி விழுந்த இடமெல்லாம் கிடந்ததே!

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டு ஊர் அவளுடையது. இரண்டாயிரத்து எட்டில் மாரிராஜுக்கு ஒரகடத்தில், காருக்கு ரப்பர் சாமான் செய்கிற கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து கண்ணப்பனின் லைனில் இறங்கினார்கள். கண்ணப்பன் உள்ளூர்க்காரர். நிலத்தையெல்லாம் கம்பெனிகளுக்கு விற்றுவிட்டு, மிச்சமிருந்த இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு வரிசை வரிசையாக ரூம் கட்டி, தெற்கத்தி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ரூம் என்றால் ரூம்தான். நீட்டிப் படுத்தால் தலை ஒரு சுவரில், கால் ஒரு சுவரில். பிறந்ததிலிருந்து காட்டுவெளியில் நின்று பழகிய பொம்பளைக்கு அதற்குள் எப்படி மூச்சு முட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

லைனுக்குப் பின்னால், இரண்டு கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவருக்கு நடுவே, விலைபோகாமல் கண்ணப்பன் கையிலேயே தங்கிவிட்ட துண்டு நிலம் ஒன்று கிடந்தது. ஒரு ஏக்கர் இருந்தால் அதிகம். இடுப்புயரத்துக்குப் பார்த்தீனியம், அதற்குக் கீழே பாய் விரித்த மாதிரி கோரை. பார்த்தீனியத்தின் பூத்தூள் பட்டுக் குழந்தைகளுக்கு மேலெல்லாம் தடித்தது. ஒரு நாள் பாம்பு ஒன்று ரூமுக்குள்ளேயே வந்து சுருண்டு படுத்துக்கொண்டது. லைனே கூடிக் கத்தியதும் கண்ணப்பன் ஆள் வைத்துக் களைக்கொல்லி அடித்தார். எல்லாம் கருகிச் சாய்ந்தது. ஒரு மழைதான் பெய்தது. கோரை முன்னைவிடத் தழைத்து எழுந்து நின்றது. மறுபடி மருந்து, மறுபடி மழை, மறுபடி கோரை. மருந்து வாடை மட்டும் ரூமுக்குள் வந்து தங்கிக்கொண்டது.

பொதுக்குழாயில் பெண்கள் வரிசையில் நின்ற ஒரு காலை நேரத்தில், மருந்து டப்பாவுடன் கண்ணப்பன் அந்தப் பக்கம் வந்தார். செல்வி குடத்தை வைத்துவிட்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க. மேல உள்ள தாளைக் கருக்கிட்டா கீழ கெடக்க கெழங்கு செத்துருமா? இந்த நாத்தத்துல பிள்ளைக மூச்சு விடவா வேண்டாமா? என்கிட்ட குடுங்க, நான் அடக்கிக் காட்டுதேன்."

"இன்னாமா செல்வி, மருந்துக்கே அடங்காதது உனக்கு அடங்கிடுமா?"

"எனக்கு அடங்காதது எது இருக்குன்னு எங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டுப் பாருங்க."

வரிசையே சிரித்தது. கண்ணப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, எட்த்துக்கோ. களை இல்லாம வெச்சிக்கினு இருக்கிற வரிக்கும் கொல்லை உன்னுதுதான், போ" என்றார். அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னார். இதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவருக்கு ஞாபகம் இருக்காது.

செல்வி செய்த முதல் காரியத்தைப் பார்த்து லைன் மறுபடியும் சிரித்தது. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்னால் வேரோடு பிடுங்கினாள், சரி. கோரையைக் கொத்திப் புரட்டினாள், சரி. அப்புறம் ஊரிலிருந்து சோள விதை கொண்டுவந்து நெருக்கமாக விதைத்துவிட்டாள். புல்லை ஒழிக்கச் சொன்னால் இவள் இன்னொரு புல்லை வளர்க்கிறாளே என்று கேலி. மாரிராஜே ஒரு தடவை கேட்டுவிட்டு, அன்றைக்கு ரசம் மட்டும் சாப்பிட்டான்.

அவள் ஊரில் அது எல்லோரும் அலுத்துக்கொள்கிற விஷயம். சோளம் அறுத்த காட்டில் உடனே எள்ளைப் போட்டால் எள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கும். முளைத்தாலும் தேறாது. சோளம் மண்ணை முறித்துவிட்டது என்பார்கள். எள்ளை முறிக்கிறது கோரையை மட்டும் விட்டுவைக்குமா என்பது செல்வியின் கணக்கு. வாலாஜாபாத்தில் நடந்த ஒரு விவசாயப் பயிற்சியில் போய் உட்கார்ந்து, பாடம் எடுத்த அம்மாவிடம் இதைக் கேட்டேவிட்டாள். அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சோளத்தின் வேரிலும், கதிர் அறுத்த பிறகு நிற்கிற தட்டையிலும் ஊறுகிற சாறு பக்கத்தில் வேறு விதையைத் தலைதூக்க விடாது என்று விளக்கிச் சொன்னார். காய்ந்த தட்டையை நறுக்கி ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, நிறையத் தண்ணீர் சேர்த்துச் செடிகளின் இடைவெளியில் ஊற்றச் சொன்னார். தட்டைத் துண்டுகளை அங்கேயே மண் தெரியாமல் மூடாக்காகப் பரப்பவும் சொன்னார். களை அடியோடு அழியாது, அடங்கும். வேர் பிடித்த நாற்றுக்குப் பெரிய கெடுதல் இல்லை. விதை போடுகிற இடத்தில் மட்டும் ஊற்றிவிடக் கூடாது.

கடைசியாகச் சொன்னதைச் செல்வி மறந்துவிட்டாள். முதல் வருஷம் தண்ணீரை ஊற்றிய பாத்தியிலேயே சிறுகீரை விதையைத் தூவி, ஒன்றுகூட முளைக்காமல், விதை விற்ற கடைக்காரனிடம் போய் ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டு வந்தாள். பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பிப் போய் அவனிடம் தப்பு என்னுடையது என்று சொன்னாளா என்றால், அதெல்லாம் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு விதைக்கிற பயிரே வேண்டாமென்று கத்தரி நாற்று, மிளகாய் நாற்று, தக்காளி நாற்று என்று நட்டுத்தான் பயிர் செய்தாள்.

இரண்டு வருஷத்தில் கோரை மெலிந்தது. அங்கங்கே தலைகாட்டுவதைக் களைக்கொத்தால் எடுத்துவிடுவாள். கொல்லையின் மூலையில் நீல நிற ட்ரம் ஒன்றில் தட்டை ஊறிக்கொண்டே இருக்கும். பழுப்பு நிறத் தண்ணீர், புளித்த வாடை. லைன் வீடுகளுக்கு மெஸ் நடத்தின சொர்ணம்மாள் அவளிடம்தான் காய் எடுத்தாள். மணிமங்கலம் வரைக்கும்கூட 'செல்வி கொல்லைக் கத்தரிக்காய்' என்று கேட்டு வாங்கினார்கள். மாரிராஜின் ஒப்பந்தம் எந்த மாதம் அறுந்து எந்த மாதம் ஒட்டும் என்று அவனுக்கே தெரியாது. அவன் வீட்டில் உட்கார்ந்த மாதங்களிலும் உலை கொதித்தது அந்தக் கொல்லையால்தான். அதைவிடப் பெரிய விஷயம், லைனில் இருந்த மற்ற எல்லோருக்கும் ரூம் நம்பர்தான் அடையாளம். அவளுக்கு மட்டும் அந்த ஊரில் அவள் பெயர் சொல்லி ஓர் இடம் இருந்தது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆடி வந்தது. தெற்கத்திக்காரர்கள் சேர்ந்து லைன் முனையில் சின்னதாக மாரியம்மன் கோவில் கட்டியிருந்தார்கள். அந்த வருஷம் ஊரில் போலவே முளைப்பாரி எடுப்பது என்று முடிவானது. வீட்டுக்கு வீடு நவதானியம் வாங்கி, சட்டிகளில் விதைத்து, இருட்டறையில் பூட்டி வைத்து, ஒருத்தி மட்டும் விரதமிருந்து உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். மற்றவர்கள் சாயங்காலம் வெளியே கும்மி கொட்டுவார்கள். முளை எவ்வளவு அடர்ந்து வருகிறதோ அவ்வளவு நல்லது நடக்கும். அந்த ஒருத்தியாகச் சொர்ணம்மாளைத் தேர்ந்தெடுத்தார்கள். மானாமதுரைப் பக்கத்துக்காரி, மூத்தவள், கை சுத்தம். அவள் மகள் பல வருஷம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள். மகளுக்கென்று தனியாக ஒரு சட்டி நேர்ந்திருந்தாள்.

சட்டிக்கு மண் வேண்டுமே! சுற்றிலும் எங்கே பார்த்தாலும் சிமெண்ட், ஜல்லி, கிரஷர் தூசி. மண் என்று இருந்தது செல்வி கொல்லையில் மட்டும்தான். அவளே தட்டை பரப்பாத வரப்போரத்தில் நல்ல மண்ணாக வெட்டி, சல்லடையில் சலித்துச் சொர்ணம்மாளிடம் கொடுத்தாள். அடுத்த நாள் குலதெய்வக் கோவில் கொடைவிழாவுக்கு அவள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். திரும்பி வந்ததும் ஊற்றுவதற்காக ட்ரம் நிறையத் தட்டையைத் திணித்துத் தண்ணீர் விட்டு வைத்தாள். அன்று சாயங்காலம் கொல்லைக்குள் டேப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள்.

ஒருவர் கண்ணப்பன். இன்னொருவர் கன்டெய்னர் லாரிகள் ஓட்டுகிற நயினார். லாரி நிறுத்த யார்டு தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, கத்தரிச்செடி மேல நின்னு அளக்குதீக?"

"யார்டுக்குக் கேக்கறாங்கோ செல்வி. எடம் நல்லா க்ளீனா கீதுன்னு சாருக்குப் புட்ச்சிப் போச்சு. ஆடி தாண்டினா ஜல்லி கொட்டணும். அதுக்குள்ள காய எட்த்துக்கோ."

க்ளீனாக இருக்கிறதாம்! பாம்பு கிடந்தபோது எவனும் திரும்பிப் பார்க்காத நிலம். அவள் கிழங்கு கிழங்காகத் தோண்டி, முதுகு ஒடிய நின்று சுத்தம் செய்ததால்தான் யார்டுக்காரனுக்குப் பிடித்துப்போயிற்று. செல்விக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது.

"களை இல்லாம வச்சிருக்க வரைக்கும் ஒன் கொல்லைன்னு சொன்ன வாயி இதுதான? அத்தன பொம்பளைகளும் கேட்டுட்டு நின்னாகல்லா? எங்க களை? காட்டுங்க பாப்போம்! ஒரு கோரையைக் காட்டுங்க, இப்பவே மம்பட்டியத் தூக்கிட்டுப் போயிருதேன்!"

"அது பேச்சுக்கு சொன்னதும்மா. அதுக்கோசரம் எழுதியா குட்த்தேன்?"

அந்தப் பேச்சுத்தான் அவளைக் குனிய வைத்தது. இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். குழாயடியில் நின்ற பெண்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள்.

"வயிறெரிஞ்சு சொல்லுதேன்! என் வயித்துல அடிச்சுப் பிடுங்குத இந்த மண்ணுல இனி ஒத்த வித மொளைக்காது! மொளைக்கவே மொளைக்காது!"

அள்ளிய மண்ணை மேலே வீசித் தூற்றினாள். கண்ணப்பன் தலையிலும் விழுந்தது, நயினாரின் வெள்ளைச் சட்டையிலும் விழுந்தது. கண்ணப்பன் துண்டால் தட்டிக்கொண்டே, "த, பேஜார் புடிச்சவ" என்று முணுமுணுத்தபடி நடையைக் கட்டினார். செல்வி அதே கோபத்தோடு மறுநாள் பஸ் ஏறினாள்.

அவள் திரும்பி வந்தபோது லைனே செத்த வீடு மாதிரி இருந்தது. முளைப்பாரி அறையைத் திறந்து பார்த்துவிட்டார்கள். ஒரு சட்டியிலும் முளை இல்லை. தட்டாம்பயறு வெடித்து அப்படியே அழுகிக் கிடந்தது. பாசிப்பயறு கண்கூடத் திறக்கவில்லை. அவளைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து ரூம்காரி தன் குழந்தையை இழுத்து முந்தானைக்குள் மறைத்தாள். என்ன ஏது என்று புரியாமல் உள்ளே போனவளிடம் மாரிராஜ் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நீ தூத்துன மண்ணுதான அது. அந்த மண்ணெடுத்துத்தான சட்டியில போட்டாக. ஒத்த வித மொளைக்காதுன்னு சொன்ன, மொளைக்கல."

"கூறுகெட்டுப் போச்சா ஒமக்கு? என் வாயில மந்திரமா இருக்கு?" என்று எரிந்து விழுந்தாள். விறுவிறுவென்று முளைப்பாரி அறைக்குப் போனாள். ஒரு சட்டியைத் தூக்கி முகர்ந்தாள். புளித்த வாடை. அவள் மூக்குக்குத் தெரியாத வாடையா அது? கொல்லைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். ட்ரம்மில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டியதை, அதுவும் அவள் இல்லாத நாளெல்லாம் ஊறி ஏறிப்போனதை, சொர்ணம்மாள் அப்படியே மொண்டு கொண்டுபோய் விதையின் தலையில் ஊற்றியிருக்கிறாள்.

என்ன மடவேலை இது என்று சொர்ணம்மாளைக் கேட்க வாயைத் திறந்தபடியே அவள் திரும்பிய நேரத்தில், கண்ணப்பன் எதிரே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. முதல் முறையாக அவளை 'வாங்க போங்க' என்றார்.

"யம்மா செல்வி, அந்த வார்த்தைய கொஞ்சம் வாபஸ் வாங்கிடுங்கோ. நயினாரு பயந்துட்டாரு. ஒவ்வொரு லாரிக்கும் எலுமிச்சம்பழம் கட்றவரு அவரு. அந்தம்மா வாயால நல்ல வார்த்த வராம அந்த மண்ணுல என் வண்டிய நிறுத்த மாட்டேன்றாரு. ஒரு சொம்பு பால ஊத்திட்டு, போனது போவட்டும்னு சொல்லிடுங்கோ."

செல்வி திறந்த வாயை மூடினாள்.

அன்றைக்கு வீட்டில் மாரிராஜ் அவள் முன்னால் கையெடுத்தே கும்பிட்டான். "தண்ணி சங்கதிய நீ யார்ட்டயும் வெளிய விடாத. சாபம்னு நெனச்சா நெனச்சுட்டுப் போறானுவ. பயம் இருக்க வரைக்கும் கொல்ல நம்மகிட்ட இருக்கும்." அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கொடுத்த வாக்குக்கு மதிப்பில்லாத ஊரில் சாபத்துக்காவது மதிப்பு இருக்கிறதே! செல்வி வாயைக் கட்டினாள். அவளுடைய வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

கொல்லை பிழைத்தது, மனுஷர்கள் போய்விட்டார்கள். குழாயடிக்குப் போனால் வரிசை தானாக விலகி அவளுக்கு வழிவிட்டது. முன்னெல்லாம் இடத்துக்குச் சண்டை போட்டுப் பிடித்தவளுக்கு இப்படிக் கிடைத்த இடம் வேம்பாகக் கசந்தது. அவள் கொல்லைக் கத்தரிக்காயை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. இன்னாருக்குக் காய்ச்சல், செல்வி முறைத்தாளாம். இன்னாருக்கு ஓவர்டைம் போயிற்று, செல்வி எதிரே வந்தாளாம். ஏறி மிதிக்க வேண்டும் போல ஆத்திரம் வரும். கத்தினால் அதையும் சாபக் கணக்கில் எழுதுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொள்வாள். கோபத்தை விழுங்கிப் பழக்கமில்லாத உடம்பு.

அப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் சொர்ணம்மாள் கொல்லைக்கு வந்தாள். மெஸ்ஸை மூடிவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தாள் செல்வி. இப்படி உருக்குலைந்து போயிருப்பாள் என்று நினைக்கவில்லை. கன்னம் ஒட்டி, தலை வாராமல் வந்தவள், ஒரு வார்த்தை பேசாமல் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து செல்வியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தா, தாயீ... ஒன் நெலத்தைப் புடுங்குறவங்களை நீ என்ன வேணா செய்யி. எம் மக மேல மட்டும் வேணாம்த்தா. அவ பேருக்கு வச்ச சட்டியும் மொளைக்கலைன்னு தெரிஞ்சு போன்ல அழுகுறா. வயித்துல புள்ள அசையலையோன்னு அரண்டு போயி ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்குறா. அதை மட்டும் எடுத்துரு தாயீ. நான் வேணா செத்துப் போறேன்."

வயதில் தாயைப் போன்றவள் காலில் விழுந்து கிடக்கிறாள். செல்விக்கு வந்தது அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே வந்ததென்னவோ கோபம்தான்.

"எந்திரிக்கா! எந்திரிங்கேன்! என் காலைத் தொட்டீகன்னா தொலைச்சுருவேன்! சட்டிக்குத் தண்ணி எங்கன எடுத்தீக? அதை மொதல்ல சொல்லுங்க!"

சொர்ணம்மாள் மலங்க மலங்க விழித்தாள். "தண்ணி லாரி வரலைத்தா அன்னைக்கு... மறுநாளும் வரலை. ஒன் ட்ரம்முலதான் மோந்தேன். எங்கூர்ல முளைப்பாரிக்குச் சாணித்தண்ணி ஊத்துவோம், திமுதிமுன்னு வரும். அதுதான் ஊற வச்சிருக்கேன்னு நெனச்சு, நல்லா வரட்டுமேன்னு தெனமும் அதையே..."

"அட கோட்டிக்காரி அக்கா! சாணித்தண்ணியா அது? சோளத்தட்டை ஊறுன தண்ணி! களை மொளைக்கக் கூடாதுன்னு நான் ஊத்துத தண்ணி! வித மேல ஊத்துனா எப்படி மொளைக்கும்? மாரியாத்தாவே வந்து ஊத்துனாலும் மொளைக்காது! நீங்களும் ஒங்க சாபமும்!"

அவள் குரல் இரண்டு காம்பவுண்டுச் சுவரிலும் மோதித் திரும்பியது. லைன் முழுக்க வேலிக்கு வந்துவிட்டது. கூட்டத்தின் பின்னால் கண்ணப்பன் தலையும் தெரிந்தது. மாரிராஜ் முன்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். செல்வி அவனைப் பார்த்தாள், மண் ஒட்டிய புடவையோடு எழுந்து எதிரே நின்ற சொர்ணம்மாளைப் பார்த்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! என் வாயில ஒரு மந்திரமும் இல்ல, மசுரும் இல்ல. இதே மண்ணுதான், லாரித் தண்ணியை ஊத்துங்க, மொளைக்குதா இல்லையான்னு பாருங்க! மொளைக்கலன்னா என் நாக்கை அறுத்துக்குங்க!"

மறுபடி விதைத்தார்கள். அதே வரப்போரத்து மண், லாரித் தண்ணீர், அதே சொர்ணம்மாள். தட்டாம்பயறும் பாசிப்பயறும் போட்டி போட்டுக்கொண்டு எழுந்தன. சட்டி தெரியாமல் வெளிறிய பச்சையில் முடி மாதிரி அடர்ந்து நின்றதைப் பார்த்துச் சொர்ணம்மாள் மகளுக்கு போன் போட்டு ஓவென்று அழுதாள். ஆடிக் கடைசி வெள்ளியில் முளைப்பாரி கிளம்பியது. செல்வி தலையிலும் ஒரு சட்டியை ஏற்றினார்கள். பக்கத்து ரூம்காரி தன் குழந்தையை அவள் இடுப்பில் கொண்டுவந்து வைத்தாள். "அன்னைக்கு முந்தானைக்குள்ள ஒளிச்சியேட்டி, இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சாம்?" என்று திட்டிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள். கும்மியில் அவளுக்கும் இடம் இருந்தது, குழாயடியில் அவளோடு சண்டை போடவும் ஆள் இருந்தது.

ஊர்வலம் கொல்லையைத் தாண்டிப் போனபோது கண்ணப்பனும் நயினாரும் வேலியோரம் நின்று கும்பிட்டார்கள். இரண்டு பேர் முகத்திலும் நிம்மதி. சாபம் இல்லையென்று ஆகிவிட்டதே! அந்த வாரமே ஜேசிபி வந்தது. காய்ப்பில் இருந்த செடிகளை வழித்து ஓரத்தில் தள்ளினார்கள். லைனே போய்க் கண்ணப்பனிடம் பேசிப் பார்த்தது. "என் நெலம், நான் இன்னா வேணா செய்வேன். இஷ்டம் இருந்தா ரூம்ல இரு, இல்லாங்காட்டி காலி பண்ணிக்கினு போ" என்றார். சாபத்துக்குப் பயந்த மனுஷன் நியாயத்துக்குப் பயப்படவில்லை. ஜல்லி கொட்டின அன்றைக்குச் செல்வி நீல ட்ரம்மை மட்டும் உருட்டிக்கொண்டு வந்து ரூம் வாசலில் வைத்தாள். நான் சொன்னேன் அல்லவா என்று மாரிராஜ் கேட்டிருந்தால் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கேட்காமல் இருந்தானே, அதுதான் அவனிடம் அவளுக்குப் பிடித்த குணம்.

சொர்ணம்மாள் மெஸ்ஸை மறுபடி திறந்து, செல்வியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டாள். மகளுக்கு நல்லபடியாக ஆண் குழந்தை பிறந்தது. செல்வி மார்க்கெட்டிலிருந்து வந்த கத்தரிக்காயை நறுக்கினாள். புழு இருந்தால் வியாபாரியின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள்.

அடுத்த வருஷத்து மழை நின்ற பிறகு கண்ணப்பன் மெஸ்ஸுக்கு வந்தார். டீ கேட்டார், குடித்தார், எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு செல்வி பக்கம் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

"யார்டுல ஜல்லிய கீறிக்கினு கோரை வந்துட்ச்சி செல்வி. ஓரமெல்லாம் அந்த விஷச்செடி வேற. டிரைவருங்கோ அரிக்குதுன்னு கத்தறாங்கோ, பாம்பு வேற வந்துட்ச்சி. மருந்து அட்ச்சி அட்ச்சிப் பாத்தாச்சு, மறுபடியும் வருது. வேற எடம் பாக்கறேன்னு நயினாரு சொல்லிக்கினு கீறாரு. நீ ஊத்துவியே ஒரு தண்ணி... அத்த கொஞ்சம் ரெடி பண்ணிக் குடேன்."

சொர்ணம்மாள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்கள் கையை இலையிலேயே நிறுத்தினார்கள். செல்வி கத்தப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் கத்தவில்லை. அரிவாள்மணையைச் சாய்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு நேரே வந்து நின்றாள்.

"அதுக்கென்ன அண்ணாச்சி, தாராளமாப் பண்ணித் தாரேன். ட்ரம்மு வாசல்லதான் கெடக்கு. அந்தத் தண்ணிக்குச் சோளத்தட்டை வேணும். தட்டைக்குச் சோளம் வெதைக்கணும். சோளம் வெதைக்க ஒரு துண்டு நெலம் வேணும்லா. நெலம் எங்க இருக்கு? நீங்களே சொல்லுங்க."

கண்ணப்பன் காலி டீ கிளாஸை மறுபடியும் தூக்கி வாயில் வைத்தார். பதில் வருகிற வரைக்கும் நகர்வதில்லை என்று அவள் அங்கேயே நின்றாள்.